சைஸ் கொர்னேலியஸின் தலையாட்டல்

கொர்னேலியஸ் தலையாட்டினால் அதை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. இது அவன் மனைவி மகதலேனாவுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனிதன் வாலிபத்தில் செந்தூல் பக்கம் ஒரு பட்டறையில் கொதிகலனுக்குள் உட்கார்ந்து ஆணி தாங்கினவன். வெளியே நிற்பவன் சம்மட்டியால் அடிப்பான். உள்ளே இருப்பவன் இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தம் காதுக்குள் குடியேறிவிட்டது. பிறகு மற்றச் சத்தங்களுக்கு அங்கே இடமில்லை. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது, அப்புறம் கோயில் மணி, அப்புறம் பெண் பிள்ளைகள் இரண்டும் பின்னால் நின்று கூப்பிடுவது. மகதலேனா முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மற்றவர்கள் பேசினால் கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் குனிந்து, "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிடுவான். அதனாலேயே அவனுக்கு நல்ல பெயர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத இப்படி ஒரு சைஸ் கோலாலம்பூரிலேயே கிடையாது என்றார்கள். கார் ஓட்டுகிறவனை அங்கே சைஸ் என்றுதான் சொல்வது. குதிரை வண்டிக் காலத்துப் பெயர், குதிரை போனபிறகும் பெயர் போகவில்லை.

அவன் ஓட்டியது சண்முகரத்தினம் ஐயாவின் கார். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், சர்வே ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர். ரப்பர் விலை விழுந்து தோட்டத்துத் துரைமார் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பலேறின அந்த வருஷத்தில் காரை வாங்கினார். பழைய வண்டி. துணிக்கூரை, நாலு சிலிண்டர், பித்தளைத் தலையோடு ஒரு ரேடியேட்டர். கொட்டகையை ஒட்டின அறையில் கொர்னேலியஸ் குடும்பம் இருந்தது. மகதலேனா வீட்டுக்குத் துணி துவைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், கிணற்றடி கழுவுவாள். கார் இருக்கும்வரை சைஸ் உண்டு, சைஸ் இருக்கும்வரை அறை உண்டு. கார் போனால் அடுத்தது கப்பல்தான். வேலையில்லாதவர்களைக் கும்பல் கும்பலாக ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு? கொர்னேலியஸ் இடுப்புப் பிள்ளையாக வந்தவன். மகதலேனா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவை மாதா கோயில் காலண்டரில்தான் பார்த்திருந்தாள்.

அப்படிப்பட்ட நாளில் அந்த வண்டி கழுத்தறுத்தது. கிள்ளானிலிருந்து திரும்பும்போது பத்து தீகா என்ற ஊரின் மேட்டில் கரும்புகையாகக் கக்கிவிட்டு நின்றுபோனது. ஐயா மழையில் நனைந்துகொண்டு யாரோ சீனன் லோரியில் வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை கொட்டகை வாசலில் நின்றார்.

"கொர்னேலியஸ், வெள்ளிக்கிழமை கிள்ளானுக்கு மகள் குணேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வரப் போகோணும். தலைப்பிரசவம், விளங்குதே? அதுக்குள்ள இது சரிவராட்டி நான் காரை வித்துப்போடுவன். ஆள் பாத்து வைச்சிருக்கிறன்."

"சரிங்கய்யா," என்று கொர்னேலியஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மகதலேனா பாதியை வாளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஐயா உள்ளே போனதும் புருஷனின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னா சொன்னாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"வண்டிய நல்லா பாருன்னாரு."

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஓடலன்னா வித்துருவாராம். நம்ம கத அத்தோட முடிஞ்சிச்சு."

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. "கார்பேட்டர்தான்," என்றான், செவிடர்களுக்கே உரிய பெரிய குரலில். "பெட்ரோலு பொங்குது. கழட்டிப் போட்டு மாட்டுனா ஓடும்."

"மெதுவா பேசுங்க, தெருவுக்கே கேக்குது."

கழற்றினான். பழைய சாக்கை விரித்து, வெள்ளைத் துணி போட்டு, திருப்புளியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கார்புரேட்டர் ஒரு கைப்பிடி கனம் உள்ள சாமான், அதற்குள் இத்தனையா என்று இருந்தது. பெட்ரோல் வந்து நிற்கிற கிண்ணம், கிண்ணத்துக்குள் மிதக்கிற பித்தளை உருண்டை, உருண்டை மேலே வந்தால் வழியை அடைக்கிற ஊசி, கடுகு நுழையாத ஓட்டை வழியாகப் பெட்ரோலை இஞ்சினுக்கு விடுகிற ஜெட். உருண்டையைக் காதோரம் வைத்து ஆட்டினான். பழக்கம் விடவில்லை. பிறகு நினைவு வந்து மகதலேனாவிடம் நீட்டினான். அவள் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் மாதிரி சலசலத்தது.

"உள்ள பெட்ரோலு போயிருக்கு," என்று கையால் காட்டினாள்.

"அப்ப முழுவும், மெதக்காது. முழுவுனா வழிய அடைக்காது. அதான் பொங்குது. வெந்நி வை."

சோற்றுப் பானையில் வெந்நீர் வைத்தாள். இனி அந்தப் பானையில் சோறு வடித்தால் ஒரு வாரத்துக்கு மண்ணெண்ணெய்ப் பீப்பாயைத் தின்றது போலிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் வேறு பானை எங்கே என்பான். அடுப்பிலிருந்து தூர இறக்கி வைத்ததும் உருண்டையை நீருக்குள் அமுக்கினான். ஒட்டுப் போட்ட விளிம்பிலிருந்து ஒரு கோடு குமிழி மேலே வந்தது. அந்தக் குமிழியைப் பார்த்து இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி பாரம் குறையும்.

அன்று மத்தியானம் கேரி தீவிலிருந்து மகதலேனாவின் தம்பி லியனார்ட் வந்து இறங்கினான். தோளில் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு, அக்குளில் சுருட்டின ஒரு ரப்பர் ஷீட். அவர்கள் பேச்சில் கித்தா ஷீட். தோட்டத்தில் மரம் சீவுவதை நிறுத்திவிட்டார்களாம்.

"வெறுங்கையா வரக்கூடாதுன்னு கொண்டாந்தேன் அக்கா. பணமா குடுக்க மாட்டேங்கிறான், கித்தாவா கெடக்கு. கூரைக்கும் கித்தா, செருப்புக்கும் கித்தா, கதவு ஆடுனா அதுக்கும் கித்தா. சுசா லா, ரொம்பக் கஷ்டம்."

"வந்தவன் சும்மா இருக்காத, மச்சானுக்கு ஒத்தாச பண்ணு," என்றாள் மகதலேனா. ஐயா வீட்டில் துணி மலையாகக் குவிந்திருந்தது.

கொர்னேலியஸ் உருண்டையை வெந்நீரிலேயே போட்டு உள்ளே போன பெட்ரோலை விரட்டினான். கசிந்த இடத்தில் ஈயத்தை ஒரு சொட்டு வைத்தான். சொட்டு பெரிதானால் உருண்டை கனத்துப்போகும், கனத்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும் என்று அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தான். ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் வாயால் ஊதினான். கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு, அதற்கு ஒரு தோல் வாஷர். பழையது கருகிப் பொடியாகியிருந்தது. "புதுசா வெட்டி மாட்டு," என்று லியனார்டிடம் கொடுத்துவிட்டு ஜெட்டின் பக்கம் குனிந்துகொண்டான்.

லியனார்ட் தோலைத் தேடினான். கொட்டகையில் தோல் இல்லை. தன் கித்தா ஷீட்டில் ஒரு வட்டம் வெட்டினான். முதுகுப் பக்கமிருந்தே கேட்டான்:

"மச்சான், தோலக் காணோம். கித்தாவுல வெட்டிப் போடுறேன், சரிதானே?"

கொர்னேலியஸுக்குப் பின்னால் யாரோ ஏதோ கேட்கிற மாதிரி ஒரு உணர்வு. தலையாட்டினான்.

மறுநாள் காலை இஞ்சின் ஒரே சுழற்றில் கிளம்பியது. கொர்னேலியஸ் முகம் சுடர்விட்டது. கிளம்பின வண்டி இருமியது, ஒரு தரம் துள்ளியது, நின்றது. கொட்டகைத் தரையில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அடித்திருகைக் கழற்றினான். வாஷர் இருந்த இடத்தில் கொழுகொழுவென்று பசை மாதிரி ஏதோ வந்தது. ரப்பரைப் பெட்ரோல் தின்னும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையே பெட்ரோலில் கரைத்த ரப்பர்தான். அந்தப் பிசின் உள்ளே ஏறி ஜெட்டையும் அடைத்துவிட்டிருந்தது. ரப்பர் தோட்டத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கும் ரப்பர்மேல் அத்தனை விசுவாசம் இருக்காது.

"யாருடா இதப் போட்டது?" கொர்னேலியஸின் குரலில் காக்கைகள் எழும்பின.

"நான்தான் மச்சான். கேட்டுட்டுத்தானே போட்டேன்? நீங்க தலையாட்டுனீங்களே!"

"என்னா சொல்றான் இவன்?" என்று மகதலேனா பக்கம் திரும்பினான்.

லியனார்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அக்காளை மட்டும் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"அக்கா, மச்சானுக்குக் காது கேக்கலியா?"

அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

"எவ்வளவு நாளா?"

"வாய மூடு. எசமானி அம்மா அடுப்படில இருக்காங்க."

"காது கேக்காத ஆளு கார் ஓட்டுறதா? பின்னால வர்ற லோரி ஹார்ன் அடிச்சா? வெள்ளிக்கெழம அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ண ஏத்திக்கிட்டு வரப் போறாரு, நெனச்சுப் பாத்தியா நீ?"

"நெனைக்காமயாடா இருப்பேன்? வண்டி வெளிய போனா திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு அடுப்புல என்னா இருக்குன்னே தெரியறதில்ல. ஜெபமால உருட்டி உருட்டி விரலு தேஞ்சிருச்சு."

"அப்ப சொல்லிரு லா."

"சொல்லிட்டு? ஒன்னோட கேரி தீவுக்கு வரட்டுமா? நீயே கெழங்கு தின்னுட்டிருக்க."

 அவள் வாளியை இழுத்தாள். கயிறு கையை அறுத்தது. உடம்பில் வலி இல்லாத இடம் எது என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் முதலிலிருந்து. கொர்னேலியஸ் பசையைச் சுரண்டினான், ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதினான், மறுபடி ஊறவைத்து ஊதினான். உதடு வெந்துபோனது. தோலுக்கு வழி தெரியாமல் கடைசியில் பூசைக்குக் காலில் போட்டுக்கொண்டு போகிற தோல் சப்பாத்தை எடுத்து அதன் நாக்கை அறுத்தான். அந்தத் தோலில் வட்டம் வெட்டி, பெட்ரோல் கரைக்காத ஆமணக்கெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினான். மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம்வரை விடவில்லை. மழை பார்த்துக்கொண்டே எல்லோரும் அவித்த மரவள்ளியை நெத்திலிச் சம்பலோடு தின்றார்கள். 

வியாழக்கிழமை வெயில் வந்தது. வண்டி கிளம்பியது, நின்றுபோகவில்லை. இனி காற்றையும் பெட்ரோலையும் சமமாக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. கொஞ்சம் உள்ளே போனால் பெட்ரோல் குறையும், வெளியே வந்தால் கூடும். ஒரு மயிரிழை வித்தியாசத்தில் மேட்டில் ஏறுவதும் ஏறாததும் இருக்கிறது. அதற்குக் காது வேண்டும். கொர்னேலியஸ் உள்ளங்கையை வண்டியின் மேல் வைத்து நடுக்கத்தைப் பிடிப்பான். ஆனால் வண்டி நடுங்குகிறது என்றுதான் கை சொல்லும். எதனால் நடுங்குகிறது என்று சொல்லாது.

அதற்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கொட்டகைக்கு எதிரே துணி துவைக்கிற கல். மகதலேனா அங்கே நின்று துவைப்பாள். இஞ்சின் தும்மினால், பெட்ரோல் போதாது, இடது கையால் துணியை அடிப்பாள். சளி கட்டின மாதிரி கும்கும் என்றால், பெட்ரோல் அதிகம், வலது கையால் அடிப்பாள். சரியாக வந்தால் துணியைப் பிழிவாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பொம்பளை துணி துவைக்கிறாள், அவ்வளவுதான்.

ஐயா பின் விறாந்தையில் சாய்மான நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். கொர்னேலியஸ் திருகைத் தொட்டுக்கொண்டு இஞ்சினைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தான். இடது கை. கொஞ்சம் வெளியே. இன்னும் இடது கை. இன்னும் கொஞ்சம். வலது கை. உள்ளே. ஐயாவின் எட்டு முழ வேட்டி கல்லில் விழுந்து விழுந்து எழுந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது அவளுக்கு. இரண்டு மூன்று தரம் சரியாகிவிட்டது போலிருந்தது, பிழியப் போனாள், உடனே ஒரு சின்னத் தும்மல் கேட்டது. மறுபடி அடித்தாள். இப்போதே பிழிந்துவிட்டால் என்ன, மேட்டில் நின்றால் நிற்கட்டும், இந்தப் பயம் ஒரேயடியாகத் தீர்ந்துபோகட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வேட்டியைப் பிடித்தபடி நின்றாள். கொர்னேலியஸ் வாயைப் பிளந்துகொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை பொய் சொல்லும் என்று அவனுக்குத் தோன்றாது, எதைச் சொன்னாலும் நம்புவான். அவளுக்கு மனசு வரவில்லை. இடது கையால் அடித்தாள்.

கடைசியில் வந்தது. நாலு சிலிண்டரும் ஒன்றாக மூச்சுவிட்டன, சோறு கொதித்து அடங்குகிறபோது வருகிற சத்தம். மகதலேனா வேட்டியை முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள்.

சாயங்காலம் எசமானி அம்மா இராசேஸ்வரி அவளைக் கூப்பிட்டாள்.

"மகதலேனா, இஞ்ச வா. நாளைக்கு ராகுகாலத்துக்கு முன்னம் வெளிக்கிடுகினம். எனக்கு இந்தக் காலோட வரேலாது. பிள்ளையைப் பத்திரமாக் கொண்டந்து சேர்க்கிறது உன்ர மனுசன்ர பொறுப்பு, சொல்லிப்போட்டன்."

 சொல்லிவிடு என்றது மகதலேனாவின் ஒரு மனசு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தன் பிள்ளைகள் இரண்டும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அம்மா, நானும் கூடப் போறேன். வழியில புள்ளைக்கு ஒண்ணுன்னா ஒரு பொம்பள வேணும்ல?"

"அதுவும் சரிதான். ஆனா உடுப்புகள்?"

"வந்து தொவச்சிருறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஐயா பின் சீட்டில் குடையோடு ஏறினார். மகதலேனா முன் சீட்டில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் காரில் அவள் உட்காருவது அதுதான் முதல் தரம். முந்தானையை இழுத்து விரித்து, அதற்கடியில் வலது கையை விட்டு அவன் முழங்காலில் வைத்தாள். காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள்: ஒரு தட்டு தட்டினால் பின்னால் வண்டி, அழுத்திப் பிடித்தால் நிறுத்து. எசமான் பார்க்கப் புருஷனின் காலைத் தொட்டுக்கொண்டு போவது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போகும்போது ஒன்றுமில்லை. பத்து தீகா மேட்டை வண்டி முனகாமல் ஏறியது. கொர்னேலியஸ் பெருமையோடு அவளைப் பார்த்தான். "ரோட்டப் பாருங்க," என்று உதட்டை அசைத்தாள்.

கிள்ளானில் சாப்பாடு முடித்து, குணேஸ்வரியைத் தலையணைகளுக்கு நடுவே பின் சீட்டில் உட்காரவைத்துப் புறப்பட்டார்கள். கலகலப்பான பெண். கொஞ்ச தூரம் போனதும் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, சைஸின்ர மனுசி நல்லாப் பயந்தவ போல. அவற்ற முழங்காலைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறா."

"ம்," என்றார் ஐயா.

ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போட்ட வளைவு அது. மழை தூறியிருந்தது, செம்மண் வழுக்கியது. வளைவுக்கு அப்பால் லோரி ஹார்ன் கேட்டது மகதலேனாவுக்கு. ஒரு தரம், உடனே இன்னொரு தரம், நெருங்கி. கொர்னேலியஸ் பாதையின் நடுவில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் முழங்காலை அவள் பிடித்த பிடியில் நகம் இறங்கிவிட்டது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. பிரேக்கை மிதித்து வண்டியை இடது பக்கப் புல்லில் இறக்கினான். மரக்கட்டை ஏற்றின லோரி வளைவில் முளைத்து, சேற்றைத் துணிக்கூரைமேல் வாரி அடித்துவிட்டுப் போனது.

குணேஸ்வரி வயிற்றைக் கட்டிக்கொண்டு "முருகா" என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டி புல்லில் நின்றுகொண்டு, துளி பிசகாமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மகதலேனா அழுதாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். 

வீட்டில் இராசேஸ்வரி ஆரத்தியோடு ஓடிவந்து மகளை உள்ளே அழைத்துப் போனாள். கொர்னேலியஸ் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக்கொண்டிருந்தான். மகதலேனா முகம் கழுவிக்கொண்டிருந்த கிணற்றடிக்கு ஐயா வந்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. உன்ர மனுசனுக்குக் காது கேளாது."

மகதலேனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு அது போன கிறிஸ்மஸுக்கு முன்னமே தெரியும். ஒருநாள் பின்னுக்கு நிண்டு, 'கொர்னேலியஸ், கார் எரியுது' எண்டு சொல்லிப் பாத்தன். 'சரிங்கய்யா' எண்டான்."

"அப்ப ஏங்கய்யா சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுறது? ஒரு மனுசன்ர முகத்தைப் பாத்து, நீ செவிடன், போ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. காரை வித்தா எல்லாம் தன்பாட்டில முடியும் எண்டு நினைச்சன். அதுவும் நல்ல நேரத்தில மேட்டில நிண்டுது. கார்புரேட்டர் எனக்கு ஒரு சாட்டு. நீங்கள் ரெண்டு பேரும் இருந்து அதைத் திருத்திப் போட்டியள். இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லையே எண்டு நானும் பிள்ளையை ஏத்திப்போட்டன்."

அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சோற்றுப் பானை, சப்பாத்து நாக்கு, வெந்த உதடு, கழன்ற தோள் எல்லாம் இதற்குத்தானா?

"என்ர வேட்டியைப் போட்டு அந்த அடி அடிச்சதையும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்," என்றார் ஐயா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இண்டைக்கு நீ இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை. அதை மறக்கமாட்டன். காரை விக்கேல்லை. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். இனிமேல் கார் வெளிய போறதெண்டா நீ முன்னுக்கு இருக்கோணும். நீ இல்லாம அவன் ஸ்டியரிங்கைத் தொடப்படாது. பாசாருக்கெண்டாலும் சரி, கோயிலுக்கெண்டாலும் சரி."

"வீட்டு வேலைங்கய்யா?"

"அதை அம்மாவோட கதைச்சுக்கொள்."

அவர் உள்ளே போனார். அடுப்படி ஜன்னலில் இராசேஸ்வரியின் குரல் கேட்டது: "மகதலேனா, காலமை ஊறப்போட்ட உடுப்பெல்லாம் அப்பிடியே கிடக்கு. பிள்ளையின்ரயும் இருக்கு, எடுத்துக்கொண்டு போ."

மகதலேனா கல்லின்மேல் உட்கார்ந்தாள். பிழைத்துவிட்டோம், கப்பல் இல்லை, அறை இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. விடிந்தால் துணி, பாத்திரம், அடுப்பு, பிள்ளைகள். இனி அவற்றோடு இந்த ஊரில் எந்த மூலையிலிருந்து ஹார்ன் அடித்தாலும் அதைக் கேட்கிற வேலை. அவள் சாகும்வரையோ அவன் சாகும்வரையோ.

கொர்னேலியஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா ஒன்ட்ட என்னா சொன்னாரு?"

அவள் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள், உதடு அவனுக்கு நன்றாகத் தெரியும்படி.

"வண்டி நல்லா ஓடுதாம்."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சிரித்தான். "எல்லாம் அந்தக் கார்பேட்டர்தான், வேற ஒண்ணும் இல்லன்னு. சொன்னேனா இல்லியா?"

மகதலேனா கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் குனிந்தாள், தலையாட்டினாள்.